உஸ்பெக் மொழியில் “தொப்பியை வானத்தில் எறிந்தேன்” என்று நம்மைப் பற்றி நாமே சொல்லலாமா?

நூல்கதிர்

அனைவருக்கும் வணக்கம். உஸ்பெகிஸ்தானில் நமங்கான் மாகாணத்தில் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஆலைக்குள் பாதி ரஷ்ய மொழி, பாதி சைகை என்று வேலை நடந்துவிடுகிறது. ஆனால் தேநீர் நேரத்தில் எல்லோரும் உஸ்பெக் மொழியில்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் நுழைய வேண்டும் என்ற ஆசையில்தான் கற்கத் தொடங்கினேன்.

என்னோடு வேலை செய்யும் மூத்த ஃபிட்டர் ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பல ஆண்டுகள் காத்திருந்த குழந்தை. அவரைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது: “தொப்பிசினி ஓஸ்மோன்கா ஓட்தி”. சொல்லுக்குச் சொல் பார்த்தால் “தன் தொப்பியை வானத்துக்கு எறிந்தார்”. மிகவும் மகிழ்ந்தார் என்று பொருள் என்பதும் புரிந்தது.

என் கேள்வி இதுதான். அவருக்கு வாழ்த்துச் செய்தி எழுத வேண்டும். “செய்தி கேட்டு நான் என் தொப்பியை வானத்தில் எறிந்தேன்” என்று எழுதலாமா? அகராதியில் பொருள் இருக்கிறது. யார், யாரிடம், எப்போது சொல்வார்கள் என்பது இல்லை.

சமர்கந்துப் பறவை

வணக்கம் அண்ணா. சமர்கந்தில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இலக்கணப்படி எழுதலாம், தவறில்லை. “தொப்பிம்னி ஓஸ்மோன்கா ஓட்திம்” என்றால் “என் தொப்பியை எறிந்தேன்”. ஆனால் நான் கேட்டவரை இந்தத் தொடர் பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றிச் சொல்வதற்குத்தான் வருகிறது. தேர்வில் தேறியவன், மகன் பிறந்த தகப்பன், வேலை கிடைத்தவன் இவர்களைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். சொல்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

தன்னைப் பற்றிச் சொல்ல வேறொன்று இருக்கிறது: “போஷிம் ஓஸ்மோன்கா யெட்தி”. என் தலை வானத்தை எட்டியது. விருந்தினர் வீட்டுக்கு வந்தால் பெரியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். “நீங்கள் வந்ததால் எங்கள் தலை வானத்தை எட்டியது” என்று வீட்டுக்காரர் சொல்லும்போது “போஷிமிஸ்” என்று பன்மையாகிவிடும். “விருந்தினர் உன் தகப்பனைவிடப் பெரியவர்” என்று இங்கே பழமொழியே உண்டு. அந்த மனநிலையிலிருந்து வரும் வாக்கியம் இது.

ஒருவர் நம்மைப் பாராட்டினாலும், மதித்து அழைத்தாலும் இதுவே பொருந்தும். மதிப்பு வெளியிலிருந்து வருகிறது, அதனால் தலை உயர்கிறது. தொப்பி எறிவது அப்படியல்ல, உள்ளிருந்து பொங்குகிற மகிழ்ச்சி. உங்கள் நண்பருக்குத் தொப்பிதான் சரி. உங்களுக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து.

பழைய தாஷ்கந்து

பறவை சொன்னது சரியான வேறுபாடு. சோவியத் காலத்தில் தாஷ்கந்தில் படித்தவன் நான். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவரிடம் கற்ற உஸ்பெக் இன்னும் நாவில் இருக்கிறது.

நூல்கதிர் தம்பி, நீங்கள் இருக்கும் மாகாணம்தான் இந்தத் தொப்பியின் தாயகம் என்பது தெரியுமா? நமங்கான் மாகாணத்தில் சுஸ்த் என்ற ஊர் இருக்கிறது. தொப்பிக்கும் கத்திக்கும் பேர்போன ஊர். கறுப்புத் துணியில் வெள்ளைப் பட்டு நூலால் பூவேலை செய்த நான்கு மூலைத் தொப்பி அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. நான்கு பக்கமும் வளைந்த வால் கொண்ட ஒரு வடிவம் இருக்கும். அதைப் பாதாம் என்பாரும் உண்டு, மிளகாய் என்பாரும் உண்டு. மிளகாய் என்போர் அது கண்ணேறு கழிக்கும் என்பார்கள். விளிம்பைச் சுற்றிச் சிறிய வளைவுகள் வரிசையாக ஓடும்.

ஒரு விடுமுறை நாளில் சுஸ்துக்குப் போய் ஒரு தொப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே நெருக்கமாகத் தையல் வரிகள் போட்டு, அந்த இடைவெளிகளில் முறுக்கிய காகிதத்திரியோ பஞ்சுத்திரியோ செருகுவார்கள். ‘பில்தா’ என்று பெயர். அதனால்தான் தொப்பி விறைப்பாக நிற்கிறது, ஆனால் மடித்தால் தட்டையாகிச் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. மெல்லியது, எடையே இல்லாதது. வீசினால் நன்றாகவே மேலே போகும்.

ஆனால் அது வீசுகிற பொருள் அல்ல என்பதுதான் முக்கியம். திருமணத்தன்று அதிகாலையில் ஊராருக்குப் புலாவ் போடும் விருந்துக்குத் தொப்பியோடு போவார்கள். தொழுகைக்கும் தொப்பி வேண்டும். சாவு வீட்டில் வாசலில் நின்று வருவோரை எதிர்கொள்ளும் ஆண்கள், மேலங்கியும் இடைக்கச்சும் கட்டித் தொப்பியோடுதான் நிற்பார்கள். ஒரு மனிதனுடைய கண்ணியம் அவன் தலைமேல் இருக்கிறது. அதைக் கழற்றி எறிகிறான் என்றால் அந்த நேரத்தில் கண்ணியத்தைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை. அவ்வளவு மகிழ்ச்சி. இது தெரிந்த பிறகு “மிகவும் மகிழ்ந்தார்” என்று அகராதி தரும் பொருள் எனக்குப் போதவில்லை.

சொல்லாய்வு

அருமையான இழை. மொழியமைப்புப் பக்கம் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழருக்கு இந்தத் தொடர்களைக் கற்பது பலர் நினைப்பதைவிட எளிது.

உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உய்குர் மொழிக்கு மிக நெருக்கம். நம்மைப் போலவே ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்க்கும் மொழி, வினை கடைசியில் வரும். “போஷ்” தலை, “போஷிம்” என் தலை. “ஓஸ்மோன்” வானம், “ஓஸ்மோன்கா” வானத்துக்கு. அந்தக் ‘கா’ நம் ‘கு’ உருபைப் போலவே நிற்கிறது. “யெட்தி” எட்டியது. எந்தச் சொல்லையும் இடம் மாற்றாமல் தமிழில் வைத்துவிடலாம். (இதைக் கண்டு உடனே உறவு கொண்டாட வேண்டாம். ஒரே மாதிரி அமைப்பு, அவ்வளவுதான்.)

கவனிக்க வேண்டிய இடம் வினை முடிவு. மகிழ்ந்தது நான்தானே என்று “போஷிம் ஓஸ்மோன்கா யெட்திம்” என்று சொல்லத் தோன்றும். கூடாது. எழுவாய் நான் அல்ல, என் தலை. “என் தலை எட்டினேன்” என்று நாமும் சொல்வதில்லையே. தொப்பித் தொடரில் எறிவது ஆள் என்பதால் “ஓட்திம்” என்று தன்மை முடிவு வரும்.

அடுத்து ஒலி. உஸ்பெக்கில் இரண்டு ‘ஓ’ உண்டு. ஒன்று வாயை நன்றாகத் திறந்து, ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவே ஒலிப்பது. இன்னொன்று இதழ் குவித்து ஒலிப்பது. எழுத்திலும் வேறுபாடு உண்டு, இரண்டாவதற்கு மேற்குறி போடுவார்கள். “ஓட்” என்று திறந்து சொன்னால் எறி, குதிரை, பெயர். “ஒட்” என்று குவித்துச் சொன்னால் புல், நெருப்பு, கடந்து போ. ஆகவே “தொப்பி”யில் குவித்து, “ஓஸ்மோன்”, “ஓட்தி” இரண்டிலும் திறந்து சொல்ல வேண்டும். மாற்றினால் எறிந்தது போய்க் கடந்தது ஆகிவிடும். சொல்முதல் தகரத்தைப் ‘பந்து’ என்பதில் வருவதுபோல் மெல்லொலியாகச் சொல்லுங்கள்.

பழைய தாஷ்கந்து

நாங்கள் படித்த காலத்தில் 1940இல் கொண்டுவந்த சிரிலிக் எழுத்துதான், ரஷ்ய மொழிக்கு வழங்கும் அதே எழுத்து வகை. அதில் அந்தக் குவிந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது. லத்தீன் எழுத்துக்கு மாறும் சட்டம் 1993இல் வந்தது, 1995இல் எழுத்துகளைத் திருத்தினார்கள். இப்போது கைப்பேசியில் தட்டும்போது அந்த மேற்குறியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். நூல்கதிர் தம்பி, சந்தேகம் வந்தால் சிரிலிக் அகராதியைப் பாருங்கள். பெரியவர்கள் பலர் இன்னும் அதில்தான் எழுதுகிறார்கள், கடைப் பலகைகளிலும் இரண்டையும் பார்ப்பீர்கள்.

இருகரை

நான் மொழிபெயர்ப்பாளர். உஸ்பெக் தெரியாது. ஆனால் இந்த இரண்டு தொடருக்கும் தமிழில் தனித்தனி இணை இருப்பதைப் பார்த்து வியந்துபோனேன்.

“போஷிம் ஓஸ்மோன்கா யெட்தி” என்பது நம் “உச்சி குளிர்ந்தது” தான். யாராவது புகழும்போதும் மதிக்கும்போதும்தான் நமக்கு உச்சி குளிரும். சம்பளம் உயர்ந்தால் உச்சி குளிராது, முதலாளி நாலு பேர் முன்னால் பாராட்டினால் குளிரும். பறவை சொன்ன அதே இடம்.

தொப்பி எறிவதற்குத் “துள்ளிக் குதித்தான்”. சிலர் “தலைகால் புரியவில்லை” என்று போடக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. நம் தொடரில் ஒரு கண்டிப்பு ஒளிந்திருக்கிறது. “தலைகால் புரியாமல் ஆடுகிறான்” என்றால் இறங்கி வரப்போகிறான் என்ற எச்சரிக்கையும் கேட்கிறது. உஸ்பெக் தொப்பியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமர்கந்துப் பறவை

கண்டிப்பு இல்லை அக்கா. வேடிக்கை உண்டு, வாழ்த்தும் உண்டு.

இன்னொன்று, “எறியலாம்” என்ற வடிவிலும் அடிக்கடி வரும். “தொப்பிங்னி ஓஸ்மோன்கா ஓட்சாங் பொலாதி” என்றால் “நீ தொப்பியை வானத்தில் எறியலாம்”. உனக்குக் கிடைத்திருப்பது சாதாரணமல்ல, அதை உணர்ந்து மகிழ் என்பது உட்பொருள். எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மா, கடினமான வாய்மொழித் தேர்வில் தேறி வெளியே வந்த பெண்ணிடம் இதைச் சொன்னார். அந்தப் பெண் தலையில் தொப்பி ஏதும் இல்லை. பெண்களும் இங்கே தொப்பி அணிவார்கள்தான், வண்ண நூலும் மணியும் வைத்துத் தைத்தது. ஆனால் தொடரைச் சொல்ல உண்மையில் தொப்பி இருக்க வேண்டும் என்பதில்லை.

கருங்காய்

சதுரங்க ரசிகன் நான். இந்த இழையைப் படித்ததும் 2022 மாமல்லபுரம்தான் நினைவுக்கு வந்தது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை. பொதுப்பிரிவில் 14ஆம் தரவரிசையில் வந்த உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. அப்துசத்தோரோவ், யாகுபோயேவ், சிந்தாரோவ், இரண்டு வஹீதோவ்கள் என்று பையன்களும் இளைஞர்களுமாக ஓர் அணி. பத்தாம் சுற்றில் நம் இரண்டாம் அணியின் குகேஷ், அப்துசத்தோரோவிடம் தோற்ற ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அந்த மோதல் 2-2 என்று முடிந்தது. நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம், அர்மேனியாவுக்கு வெள்ளி.

கடைசிச் சுற்றில் நெதர்லாந்தை வென்று அந்தப் பிள்ளைகள் எழுந்தபோது என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் மனமாரச் சொல்லியிருப்பேன். நம் குகேஷைத் தோற்கடித்தவர்கள் என்றாலும் அது அவர்களுக்குத் தகும் வெற்றி.

ஒரு கேள்வி. மகிழ்ச்சியில் தொப்பியை வீசுவது ரஷ்யர்களிடமும் ஐரோப்பியரிடமும் உண்டே. பட்டமளிப்பு விழாக்களில் பார்க்கிறோம். இது உஸ்பெக் மொழிக்கு ரஷ்ய மொழி வழியாக வந்த இரவல் தொடராக இருக்காதா?

பழைய தாஷ்கந்து

இரவல் என்றால் அந்த ஒரு தொடர் மட்டும் தனியாக நிற்க வேண்டும் அல்லவா? இது தனியாக நிற்கவில்லை. தொப்பியை வைத்து ஒரு குடும்பமே இருக்கிறது.

துன்பம் வந்தால் “தொப்பி தோர் கெல்தி”, தொப்பி இறுக்கமாகிவிட்டது என்பார்கள். தொப்பி இறுகும்போதுதான் நண்பன் யார் என்று தெரியும் என்ற பாங்கில் பேச்சு போகும். ஒரு சிக்கலை ஆழ்ந்து யோசிக்க வேண்டுமானால் தொப்பியைக் கழற்றி முன்னால் வைத்து யோசிக்க வேண்டும். “தொப்பியை முன்னால் வைத்து ஒருமுறை யோசிப்போம்” என்று பத்திரிகைத் தலையங்கங்களே எழுதும். கவலையற்றுத் திரிபவனுக்குத் “தொப்பி யாரிம்தா”, அதாவது தொப்பியைப் பாதித் தலையில் சாய்த்து வைத்தவன்.

இறுகும், இறங்கும், சாயும், பறக்கும். மனநிலை மாறும்போதெல்லாம் தொப்பியின் இடம் மாறுகிறது. இவ்வளவு வேர்விட்ட ஒன்றை இரவல் என்று என்னால் ஏற்க முடியாது. மற்றவர்களும் தொப்பி வீசுகிறார்கள் என்பது தொப்பி அணியும் எல்லா மக்களுக்கும் மகிழ்ச்சி வந்தால் கை மேலே போகும் என்பதைத்தான் காட்டுகிறது.

என் அறைத்தோழர் ஊரிலிருந்து கடிதம் வந்தால் உண்மையிலேயே தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பிரிப்பார். அப்போது அதை ஒரு பழக்கம் என்று மட்டும் நினைத்தேன்.

கருங்காய்

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஒரு குடும்பமே இருக்கிறது என்ற விளக்கம் எனக்குப் போதும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அவர்கள் ‘தொப்பி’யும் நம் ‘தொப்பி’யும் ஒரே சொல்லா?

சொல்லாய்வு

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். ஒலியை மட்டும் வைத்து முடிச்சுப் போடக் கூடாது. நம் தொப்பி, இந்துஸ்தானியின் ‘டோப்பி’ வழியாக வந்தது. துருக்கியப் பக்கத்தில் வேறு கதை. உஸ்பெக்கில் ‘தெபா’ என்றால் உச்சி, மேடு. தாத்தார் மொழியில் இதே வகைத் தொப்பிக்கு ‘துபெத்தேய்’ என்று பெயர், உச்சி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அதை எடுத்துத்தான் ரஷ்யர்கள் ‘தியுபெத்தெய்கா’ என்றார்கள். நமக்கு நினைவில் வைக்க எளிது என்ற அளவில் அந்த ஒலி ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்வோம், அதற்குமேல் வேண்டாம்.

உறுதியான உறவு வேண்டுமானால் பாரசீகத்தைப் பிடியுங்கள். பாரசீகச் சொற்கள் வடக்கே உஸ்பெக்குக்கும் போயின, உருது வழியே தெற்கே நமக்கும் வந்தன. நம் ‘குல்லா’ பாரசீகத்தின் ‘குலாஹ்’. உஸ்பெக்கில் ‘குலோஹ்’ என்றால் பக்கீர்கள் அணியும் கூம்புக் குல்லா. நம் ‘குஷி’யின் அடிச்சொல்தான் அவர்கள் வரவேற்கும்போது சொல்லும் “குஷ் கெலிப்சிஸ்” என்பதிலும் இருக்கிறது. பஜார் அங்கே ‘போஸோர்’, மைதானம் ‘மைதோன்’, சமோசா ‘சோம்சா’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஜோர்’. பாரசீகத்தில் அது வலிமை. நாம் “ஜோராக இருக்கிறது” என்று நன்மைக்குக் கொண்டுவந்துவிட்டோம். உஸ்பெக் மக்களும் ‘ஸொர்’ என்று அதை அதே திசையில் கொண்டுபோயிருக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் “ஸொர்!” என்பார்கள். இரண்டு மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே சொல்லை ஒரே பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

சமர்கந்துப் பறவை

‘ஸொர்’ இங்கே நிமிடத்துக்கு ஒரு முறை காதில் விழும்! ஆனால் மூத்தவர்களிடம் பேசும்போது அளவாகச் சொல்வது நல்லது, இளைஞர் பேச்சின் வாடை அதில் உண்டு.

சமர்கந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கேயும் புகாராவிலும் நிறைய வீடுகளில் தாய்மொழி தாஜிக். அது பாரசீகத்தின் கிளை. அவர்களும் “சரம் பா ஓஸ்மோன் ரசித்” என்கிறார்கள். அதே ‘என் தலை வானத்தை எட்டியது’. முற்றிலும் வேறு மொழிக் குடும்பம், அதே தொடர். என் வீட்டுக்காரப் பாட்டி கணவரிடம் ஒரு மொழி, பக்கத்து வீட்டாரிடம் ஒரு மொழி என்று பேசுகிறார். தலை இரண்டிலும் வானத்தை எட்டுகிறது.

2025 ஜூன் 5 இரவை மறக்க முடியாது. அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கோலின்றிச் சமநிலை. உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து முதல் நாடும் அதுதான். விடுதி வாசலில் நின்று தெருவைப் பார்த்தேன். கார் ஒலிப்பான்கள், கொடிகள், சன்னல்களில் தொங்கிக்கொண்டு பிள்ளைகள். எங்கள் காவலர் தாத்தா எப்போதும் நிமிர்த்தி வைக்கும் கறுப்புத் தொப்பியைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். எறியவில்லை. “ஏன் தாத்தா எறியவில்லை?” என்று என் தோழி உஸ்பெக்கில் கேட்டாள். “உலகக் கோப்பைக்கு வைத்திருக்கிறேன்” என்றார்.

நூல்கதிர்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்று ஆலையில் கவனித்துக் கேட்டேன். அந்த நண்பரைப் பார்த்து ஒருவர் “ஓக்ஸி குலோகிதா” என்றார். வாய் காதில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள். இது கேட்டவுடன் புரிந்துவிட்டது, நம் “வாயெல்லாம் பல்”! அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

ஆனால் இன்னொன்று புரியவில்லை. குழந்தை பிறந்த செய்தியை முதலில் சொன்ன இளைஞனுக்கு அவர் பணம் கொடுத்திருக்கிறார். “சுயுஞ்சி” என்றார்கள். அது என்ன கணக்கு?

பழைய தாஷ்கந்து

கணக்கு இல்லை தம்பி, வழக்கம். எனக்கு அந்த நாட்டில் மிகப் பிடித்த வழக்கமே அதுதான். நல்ல செய்தி கொண்டுவருபவன் செய்தியைச் சொல்வதற்கு முன்பே “சுயுஞ்சி பெரிங்!” என்று கத்துவான். “சுயுஞ்சி கொடுங்கள்!” கேட்பவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடும், வருவது நல்ல சேதி என்று. பணமோ துணியோ கையில் கிடைப்பதோ கொடுப்பார்கள். மகிழ்வது என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். கசாக், கிர்கிஸ் மக்களிடமும் இதே வழக்கம் உண்டு.

பிள்ளைகளுக்கு இதில் பெரும்பங்கு. தெருமுனையில் ஊருக்குத் திரும்பும் ஆளைப் பார்த்ததும் யார் முதலில் வீட்டுக்கு ஓடுவது என்று போட்டி. ராணுவ சேவை முடிந்து மகன் வருகிறான் என்று ஒரு சிறுவன் ஓடிவந்து கத்தியதையும், அந்தத் தாய் தலையில் கட்டியிருந்த பட்டுத் துணியையே அவிழ்த்துக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இருகரை

“உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்” என்று நாம் சொல்வது இதுதானே ஐயா! நாம் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம், அவர்கள் கொடுத்தே விடுகிறார்கள்.

ஒரு தொழில் கேள்வி, யாராவது கருத்துச் சொல்லுங்கள். உஸ்பெக் கதை ஒன்றைத் தமிழாக்கும்போது “தொப்பியை வானத்தில் எறிந்தான்” என்றே விடுவதா, “துள்ளிக் குதித்தான்” என்று மாற்றுவதா? நான் மாற்றிவிடும் கட்சி. வாசகர் கதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது தொப்பியில் இடறக் கூடாது.

சொல்லாய்வு

நான் எதிர்க்கட்சி. மாற்றினால் அந்த மனிதனைக் கோயம்புத்தூர்க்காரனாக்கிவிடுகிறீர்கள். தொப்பி எறிந்தான் என்றால் எந்தத் தமிழ் வாசகருக்கும் மகிழ்ச்சி என்று புரிந்துவிடும், இடறாது. “தொப்பி இறுகியது” என்பதற்கு வேண்டுமானால் உதவி தேவை. அதை அப்படியே விட்டால் தலைவலி என்று நினைத்துவிடுவார்கள். எல்லாத் தொடருக்கும் ஒரே விதி வேண்டாம், எது தானே புரிகிறதோ அதை விட்டுவிடுங்கள்.

இருகரை

இறுகிய தொப்பிக்கு நீங்கள் சொல்வது சரி. எறிந்த தொப்பிக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் அடுத்த முறை ஒரு வரைவில் விட்டுப் பார்க்கிறேன்.

நூல்கதிர்

செய்தியை எழுதிவிட்டேன். திருத்துங்கள்:

“கிஸலோக் முபோரக் பொல்சின்! தொப்பிங்னி ஓஸ்மோன்கா ஓட்சாங் பொலாதி. கபரிங்னி எஷிதிப் ஜுதா குர்சந்த் பொல்திம்.”

பெண் குழந்தைக்கு வாழ்த்துகள். தொப்பியை வானத்தில் எறியலாம். செய்தி கேட்டு மிகவும் மகிழ்ந்தேன். என் மகிழ்ச்சிக்குச் சாதாரணச் சொல்லையே வைத்துக்கொண்டேன். தொப்பியை அவருக்கே விட்டுவிட்டேன்.

சமர்கந்துப் பறவை

நன்றாக இருக்கிறது அண்ணா. ஒரே திருத்தம், ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது. ‘தொப்பிங்னி’, ‘ஓட்சாங்’, ‘கபரிங்னி’ மூன்றும் ‘நீ’ என்று பேசும் வடிவம். ஆய்வக அம்மா மாணவியிடம் சொன்னதால் அது அங்கே சரி. அவர் உங்களைவிட மூத்தவர். ‘தொப்பிங்கிஸ்னி’, ‘ஓட்சாங்கிஸ்’, ‘கபரிங்கிஸ்னி’ என்று எழுதுங்கள், ‘நீங்கள்’ ஆகிவிடும். இங்கே பெற்றோரையே பல வீடுகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

முதல் வரியில் “அக்கா” என்றும் சேர்த்துவிடுங்கள். தயங்க வேண்டாம், உஸ்பெக்கில் அதற்கு அண்ணன் என்று பொருள். மூத்த சகோதரிதான் ‘ஓப்பா’.

குழந்தைக்காக ஒரு வரி: “உம்ரி உஸோக் பொல்சின்”. அவளுக்கு நீண்ட ஆயுள் அமையட்டும். இதைக் கடைசியில் வையுங்கள், உங்கள் மகிழ்ச்சியைச் சொன்ன பிறகு.

நூல்கதிர்

திருத்தி அனுப்பிவிட்டேன். பதில் வந்திருக்கிறது: “ரஹ்மத், உக்கா! போஷிம் ஓஸ்மோன்கா யெட்தி.” நாற்பதாம் நாள் கழிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யாராவது சொல்லுங்கள். ‘உக்கா’ என்றால் தம்பிதானே?

பழைய தாஷ்கந்து

தம்பிதான். வெறுங்கையோடு போகாதீர்கள். குழந்தைக்குத் துணி, வீட்டுக்கு இனிப்பு. உங்கள் ஊர்ப் பருத்திச் சட்டை ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் இரண்டு ரொட்டியாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.